கடலோர வீட்டில் ஓர் ஆட்டிசக் குழந்தை: நடத்தைப் பயிற்சியை வீட்டிலேயே நடத்த முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர், தொண்டி என்று நீளும் எங்கள் ராமநாதபுரம் கரையில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் (பிறரோடு பேசுவதையும் பழகுவதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு) என்று தெரியவரும்போது குடும்பத்தை முதலில் மலைக்கவைப்பது தூரம்தான். பயிற்சி மையம் எங்கோ இருக்கிறது. தந்தை கடலுக்குப் போயிருக்கிறார், அல்லது வளைகுடாவில் இருக்கிறார். தாயின் இடுப்பில் கைக்குழந்தை ஒன்று. முக்கால் மணி நேரப் பயிற்சிக்காக ஒரு நாள் முழுவதையும் பஸ்ஸில் கழித்து, சில மாதங்களில் களைத்துப்போய் நிறுத்திவிட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

குழந்தையின் ஒரு செயலுக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று கவனித்து, பாராட்டாலும் பரிசாலும் நல்ல வழியைப் பழக்குவதுதான் நடத்தைப் பயிற்சி. அதன் பெரும்பகுதி குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் நடக்க வேண்டியது. நிபுணர் வழிகாட்டுவார், திருத்துவார். குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர்கள் வீட்டார். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், சிறப்பு நிபுணர்கள் அல்லாத சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, அவர்கள் வழியாகப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குழந்தையின் போக்கறிந்து அதற்கு ஈடுகொடுக்கும் திறன் பெற்றோரிடம் தெளிவாகக் கூடியது. குழந்தைகளும் தாமாக முன்வந்து பழகுவது அதிகரித்தது. நிபுணர் தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு இது பெரிய நம்பிக்கை.

சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள்

ஒரு வயது கடந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, நிலாவையோ காக்கையையோ விரல் நீட்டிக் காட்டாதது, வேண்டிய பொருளுக்கு உங்கள் கையை ஒரு கருவிபோலப் பிடித்து இழுத்துச் செல்வது, வந்த சொற்கள் மறைந்துபோவது, பொம்மை வண்டியை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது. இவற்றில் சில சேர்ந்து தென்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். “ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், அவன் அப்பாவும் அப்படித்தான்” என்று அப்பத்தா சொல்வது பாசத்தில். ஆனால் அந்தச் சொல்லை நம்பிக் கழியும் ஓராண்டு, குழந்தை மிக விரைவாகக் கற்கும் ஓராண்டு.

முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். அடுத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டி, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளைச் சோதித்துப் பயிற்சி தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வருகிறது; அவர்களிடமும் சொல்லலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழே உள்ளவற்றை இன்றே தொடங்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று தலையை முட்டிக்கொள்கிறது, தூங்க மறுக்கிறது என்றால் பயிற்சியைப் பற்றி யோசிக்கும் முன் உடம்பைப் பாருங்கள். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் எதையும் இந்தக் குழந்தைகள் பலரால் சொல்ல முடியாது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பும் மற்றவர்களைவிட அதிகம். கண் நிலைகுத்தி நிற்பது, உடல் வெட்டிழுப்பது போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு நோட்டு, மூன்று பத்திகள்

நடத்தைப் பயிற்சியின் அடித்தளம் இதுதான். ஒரு பக்கத்தில் இரண்டு கோடு இழுத்து மூன்று பத்திகள் ஆக்குங்கள். முதல் பத்தியில் அழுகையோ அடியோ தொடங்குவதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது. நடுவில் குழந்தை என்ன செய்தது. மூன்றாவதில் அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள். நேரத்தையும் குறியுங்கள். “அடம்பிடித்தான்” என்று எழுதினால் பயனில்லை. “தரையில் படுத்துக் கால்களை உதைத்தான், பத்து நிமிடம்” என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்றால் பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளை எழுதலாம்.

பாம்பன் பக்கத்தில் ஒரு வீடு. நான்கு வயதுப் பையன், சில நாள் காலையில் மட்டும் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அலறுவான். அப்பாவைக் கண்டால் பயம் என்றார்கள் சிலர். அவர் மேல் வீசும் மீன் வாடை பிடிக்கவில்லை என்றார்கள் வேறு சிலர். இரண்டு வாரம் எழுதிய நோட்டைப் புரட்டியபோது, அப்பாவின் படகு கரைக்கு வந்த நாட்களில் மட்டும் அலறல் வந்திருந்தது. எங்கள் கரையில் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றிக் கடலுக்குப் போவதால், எந்தக் கிழமை யார் வீட்டில் இருப்பார் என்று சொல்லிவிடலாம். முதல் பத்தியைக் கூர்ந்து படித்தபோது எல்லா நாளும் ஒரே வரி இருந்தது: “அப்பா போனை எடுத்துக்கொண்டார்.” கடலுக்குப் போகும்போது அவர் பழைய போனைக் கொண்டுபோவார்; நல்ல போன் வீட்டில் கிடக்கும், பையன் அதில் படம் பார்ப்பான். கரை வந்ததும் மீன் விலை கேட்க, பங்குக் கணக்குப் பேச அவருக்கு அது வேண்டும். மூன்றாவது பத்தியும் ஒரே வரி: “சமாதானப்படுத்தப் போனைத் திருப்பிக் கொடுத்தோம்.” தலையை முட்டினால் போன் வரும் என்று அவன் கற்றுக்கொண்டிருந்தான். கற்றுக்கொடுத்தது வீடு, தெரியாமலேயே.

குழந்தையின் கடினமான நடத்தைக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும்: ஒரு பொருள் வேண்டும், உங்கள் கவனம் வேண்டும், பிடிக்காத ஒன்றிலிருந்து தப்ப வேண்டும், அல்லது அந்த அசைவோ ஓசையோ உடலுக்கு இதமாக இருக்கிறது. எது என்று தெரியாமல் கொடுக்கும் தண்டனை நிலைமையைக் கெடுக்கும். பாடத்திலிருந்து தப்புவதற்காகப் புத்தகத்தை எறியும் பிள்ளையை “போய் மூலையில் உட்கார்” என்றால், அவன் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

கேட்கக் கற்றுக்கொடுப்பது

காரணம் தெரிந்ததும், அதே தேவையை நல்ல வழியில் கேட்க ஒரு வழி கற்றுத் தர வேண்டும். இதைச் செய்யாமல் நடத்தையை மட்டும் நிறுத்தப் பார்த்தால், தலை முட்டுவது நின்று கடிப்பது தொடங்கும்.

பேச்சு வராத குழந்தைக்குப் பட அட்டை எளிய வழி. இணையத்தில் கிடைக்கும் ஓவியங்களைவிட உங்கள் வீட்டுத் தம்ளர், உங்கள் வீட்டு ஊஞ்சல், அவன் விரும்பும் பிஸ்கட் பொட்டலம் இவற்றைப் புகைப்படம் எடுத்து அச்சிடுங்கள். ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுவிடுங்கள். உப்புக் காற்றில் வெறும் காகிதம் ஒரு மாதம் தாங்காது. தொடங்கும்போது பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தைக்கு எதிரே, அவன் விரும்பும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார வேண்டும். மற்றவர் பின்னால் இருந்து, குழந்தை பொருளை நோக்கிக் கை நீட்டும் அந்த நொடியில், அவன் கையை மெல்ல அட்டைக்குக் கொண்டுபோய், எடுத்து, எதிரே இருப்பவர் உள்ளங்கையில் வைக்க உதவ வேண்டும். அட்டை கையில் விழுந்ததும் “தண்ணீர்!” என்று சொல்லி உடனே கொடுத்துவிட வேண்டும். “என்ன வேண்டும், சொல், சொல்” என்று நச்சரிக்கக் கூடாது. பின்னால் இருப்பவரின் உதவியை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வாருங்கள்: முழுக் கை, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கையில் ஒரு தொடுதல், பிறகு ஒன்றுமில்லை.

அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சம் எல்லா வீட்டிலும் உண்டு. அப்படி நடப்பதில்லை, பட அட்டையால் பேச்சு தடைப்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை, பல குழந்தைகளிடம் பேச்சு கூடவே வளர்கிறது. ஆங்கிலத்தில் பேசிப் பழக்குங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டில் எந்த மொழி புழங்குகிறதோ, அம்மாவும் அப்பத்தாவும் உம்மாவும் வாப்பாவும் எப்படிப் பேசுகிறார்களோ, அதுதான் குழந்தைக்கு வேண்டிய மொழி.

அந்தப் பாம்பன் பையனுக்குப் போன் அட்டையோடு “பொறு” அட்டை ஒன்றும் தரப்பட்டது. அவன் போன் அட்டையைத் தந்ததும் பொறு அட்டையைக் கொடுத்து, முதலில் ஐந்தே நொடியில் போன். பிறகு பத்து நொடி, ஒரு நிமிடம் என்று நீண்டது. காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு டப்பா நிறையச் சிப்பிகள். அவற்றை வரிசையாக அடுக்குவது அவனுக்கு உயிர். காத்திருப்பதும் நடப்பது, குளிப்பதுபோலக் கற்க வேண்டிய ஒரு திறமை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பாராட்டும் பரிசும்

நல்ல செயல் நடந்த மறுநொடியே பலன் கிடைக்க வேண்டும். மாலையில் வாங்கித் தரும் ஐஸ்கிரீமுக்கும் காலையில் செய்த செயலுக்கும் உள்ள தொடர்பு சின்னக் குழந்தைக்குப் புரியாது. பரிசு தின்பண்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை: தூக்கிச் சுற்றுவது, முதுகில் தட்டுவது, பம்பரத்தைச் சுற்றிவிடுவது. உங்கள் குழந்தைக்கு எது இன்பம் என்பதை அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். கூடவே எதற்காக என்று சொல்லுங்கள்: “அட்டை கொடுத்தாய், நல்ல பிள்ளை!”

“இது லஞ்சம் இல்லையா?” என்று தந்தையர் கேட்பார்கள். அலறல் தொடங்கிய பிறகு அதை நிறுத்தக் கொடுப்பது லஞ்சம். நல்லது நடந்த பிறகு கொடுப்பது கூலி. எல்லோரும் அதற்குத்தான் வேலைக்குப் போகிறோம். செயல் பழகப் பழகப் பரிசை இரண்டுக்கு ஒருமுறை, ஐந்துக்கு ஒருமுறை என்று குறைத்துப் பாராட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அலறலுக்குப் பலன் தருவதை நிறுத்தும்போது முதல் சில நாட்கள் அது கூடும். உரக்க, நீண்ட நேரம் கத்துவான். வழி தவறிவிட்டதாக நினைத்துப் பெரும்பாலான குடும்பங்கள் விட்டுக்கொடுப்பது அந்த இடத்தில்தான். அப்போது கொடுத்துவிட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். ஆகவே வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் குழந்தையிடம் மட்டும் இதை நிபுணர் துணையில்லாமல் செய்யக் கூடாது.

அன்றாட வேலைகளைத் துண்டு துண்டாக

கால்சட்டை போடுவதை எடுத்துக்கொள்வோம். கால்சட்டையைப் பிடித்தல், வலது கால், இடது கால், முழங்கால் வரை இழுத்தல், இடுப்பு வரை இழுத்தல். கடைசித் துண்டிலிருந்து கற்றுக்கொடுங்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்து, தொடை வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். குழந்தையின் இரு கட்டைவிரல்களையும் இடுப்புப் பட்டைக்குள் நுழைத்து, உங்கள் கையை அதன் மேல் வைத்து ஒரு இழுப்பு. முடிந்தது, பாராட்டு. வேலை முடிந்த மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் அவனுக்கே கிடைக்கிறது. அது கைவந்ததும் முழங்காலில் நிறுத்துங்கள். இப்படியே பின்னோக்கி. கை கழுவுவதும் தட்டு எடுத்துவைப்பதும் இதே முறைதான்.

உணவில் வற்புறுத்தாதீர்கள். மீன் குழம்பின் வாசம், கருவாடு பொரிக்கும் நெடி, குழைந்த சோற்றின் பிசுபிசுப்பு சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே தாங்க முடியாதவை. புதிய உணவைத் தட்டின் ஓரத்தில் வைப்பது, தொடுவது, முகர்வது, நாக்கில் வைப்பது என்று வாரக்கணக்கில் நகர வேண்டும். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் போய்விடும் என்பதற்குச் சான்று இல்லை. ஏற்கெனவே சில உணவுகளையே உண்ணும் பிள்ளையிடம் அவற்றையும் பறிக்காதீர்கள்.

தண்ணீர்: கடலோரத்தில் இதுவே முதல் பாடம்

வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் வீட்டைவிட்டு நழுவிச் செல்வார்கள். அவர்களில் பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஈர்ப்பு. இப்படிப் போகும் குழந்தைகளின் இறப்புக்கு நீரில் மூழ்குவது முக்கியக் காரணம். நமக்கோ வாசலில் கடல், தெருக்கோடியில் ஊருணி, பின்னால் கிணறு.

கதவின் உச்சியில், குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். தீ போன்ற ஆபத்தில் பெரியவர்கள் சட்டென்று திறக்க முடிய வேண்டும். ஆட்டுக் கழுத்தில் கட்டும் மணியைக் கதவில் கட்டினால் திறக்கும்போது தெரியும். கிணற்றுக்குக் கம்பி மூடி. குழந்தையின் பெயரும் உங்கள் போன் எண்ணும் பொறித்த வளையம் அல்லது சட்டையில் தைத்த துணி. பக்கத்து வீட்டார், டீக்கடைக்காரர், படகுத்துறையில் வலை பின்னுவோர் எல்லோரிடமும் குழந்தையைக் காட்டி, “இவன் தனியாகக் கடல் பக்கம் வந்தால் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவைக்க வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. காணாமல் போனால் முதலில் தேட வேண்டியது தண்ணீர் உள்ள இடங்களை. உறவினர் வீடுகளைப் பிறகு தேடலாம்.

“நில்” என்பதை விளையாட்டாகக் கற்றுக்கொடுங்கள். கைபிடித்து நடந்துகொண்டே “நில்” என்று சொல்லி நீங்களும் நிற்க வேண்டும். நின்றதும் தூக்கிச் சுற்றல். முதலில் வீட்டுக்குள், பிறகு முற்றத்தில், தெருவில், கடைசியில் அலைச் சத்தத்தில். வீட்டுக்குள் நிற்கும் குழந்தை கடற்கரையிலும் நிற்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் தனியாகப் பழக வேண்டும். நீச்சலும் கற்றுக்கொடுங்கள். மாமாவோ சித்தப்பாவோ முழங்கால் ஆழத்தில், தினமும் ஒரே நேரத்தில், சிறிது சிறிதாக. நீந்தத் தெரிந்தாலும் கண் அவன் மேலேயே இருக்க வேண்டும்.

கட்டிப்போடுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். கடல்பாசி எடுக்கப் போகும் தாய், வேறு வழியில்லாமல் குழந்தையின் காலைச் சேலையால் கட்டிலோடு கட்டுவதற்குப் பின்னால் இருக்கும் அச்சத்தை நான் அறிவேன். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயிலிருந்து ஓட முடியாமல் இறந்தது நம் மாவட்டத்தில்தான். கயிறு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. அந்தத் தாய்க்கு வேண்டியது குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாளில் சில மணி நேரம் இன்னொருவர். அத்தை, பெரியம்மா, மகளிர் குழுவில் உள்ள தோழி என்று முறைவைத்துக் கேட்பது உதவி கேட்பதிலேயே மிக நியாயமானது.

நாள் மாறும்போது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் தந்தை வீட்டிலேயே இருக்கிறார், பள்ளி விடுமுறை, உறவினர் வருகை. நமக்கு ஓய்வான காலம் பல குழந்தைகளுக்குக் குழப்பமான காலம். காலை முதல் இரவு வரை நடப்பவற்றைப் படங்களாகச் சுவரில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றும் முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் போடச் செய்யுங்கள். நாட்காட்டியில் அப்பா வீட்டில் இருக்கும் நாட்களில் அவர் படத்தை ஒட்டுங்கள். தடைக்காலம் தந்தைக்குப் பயிற்சி பழக நல்ல வாய்ப்பும்கூட. அட்டைப் பயிற்சிக்கு வேண்டிய இரண்டாவது ஆள் அவர்தான்.

சந்தனக்கூடு, தேரோட்டம், கோயில் கொடை என்று கூட்டத்துக்குப் போவதானால் முதல் நாளே ஆளில்லாத நேரத்தில் அந்த இடத்தைக் காட்டுங்கள். ஒலிபெருக்கிக்கு எதிரே நிற்காதீர்கள். காதை மூடிக்கொள்ளும் குழந்தையின் கையை இழுக்காதீர்கள். நல்லபடியாக இருக்கும்போதே கிளம்பி வந்துவிடுங்கள்.

அப்பத்தாவும் தாயத்தும்

ராமேஸ்வரம் கோயிலும் ஏர்வாடி தர்காவும் உள்ள மண்ணில் வேண்டுதலை விடச் சொல்வது முறையும் இல்லை, பயனும் இல்லை. தாயத்து கட்டலாம், விளக்கு ஏற்றலாம், ஜெபிக்கலாம். சூடு போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது, பயிற்சியை நிறுத்திவிட்டுக் கோயிலிலோ தர்காவிலோ மாதக்கணக்கில் தங்குவது கூடாது. இந்தக் கோட்டை உறுதியாகப் போட்டுவிட்டால் பெரும்பாலான பெரியவர்கள் மதிப்பார்கள். அப்பத்தாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். பொறு அட்டையை அவரைவிட நிதானமாகக் கையாள யாராலும் முடியாது.

தாயின் மேல் விழும் பழி பற்றிக் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. கருவுற்றிருந்தபோது எதையோ பார்த்துப் பயந்தாள், குழந்தையைச் சரியாகக் கொஞ்சவில்லை, போன் கொடுத்துக் கெடுத்தாள் என்றெல்லாம் பேசுகிறார்கள். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. மரபணுக்களின் பங்கு அதில் பெரிது. வளர்ப்பினால் வருவதில்லை. இதைக் கணவர் எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை சொன்னால் போதும், அந்த வீட்டின் காற்றே மாறிவிடும். வெளிநாட்டில் இருக்கும் தந்தை வீடியோ அழைப்பில் தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் பயிற்சியைப் பார்த்து, மனைவியைப் பாராட்டலாம். தாய் வாரத்தில் ஓர் இரவாவது முழுத் தூக்கம் தூங்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் தனியாக நேரம் வேண்டும். அவர்களைக் காவலாளிகள் ஆக்கிவிடாதீர்கள்.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை

மறுவாழ்வுப் பயிற்சியாளர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பயிற்சியின்போது நீங்கள் அறைக்குள் இருக்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் வேறு இடம் பாருங்கள். என்ன குறிக்கோள், எப்படி அளக்கிறார், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தர வேண்டும்.

1960-களில் அமெரிக்காவில் தொடங்கிய இந்த நடத்தைப் பயிற்சியின் ஆரம்ப வடிவங்களில் தண்டனையும் இருந்தது. கையை ஆட்டுவதை நிறுத்துவதும் கண்ணைப் பார்க்கவைப்பதுமே வெற்றி என்று கருதப்பட்டன. அப்படி வளர்ந்த ஆட்டிச மனிதர்கள் பலர் அதன் வலியை இன்று பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதை நாம் கேட்க வேண்டும். யாருக்கும் தீங்கில்லாமல் கையை ஆட்டினால் ஆட்டட்டும். கண்ணைப் பாராமலே கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். குறிக்கோள் குழந்தைக்குப் பயன்பட வேண்டும்: கேட்கத் தெரிவது, “வேண்டாம்” என்று சொல்லத் தெரிவது, கழிப்பறை, பாதுகாப்பு. அடிப்பவரிடமும், ஆறு மாதத்தில் குணமாக்குகிறேன் என்பவரிடமும், ஸ்டெம் செல் ஊசி விற்பவரிடமும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

காகிதங்கள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆட்டிசத்தின் அளவை 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோலால் மதிப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள். அதோடு தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். உதவித்தொகை, பயணச் சலுகை எல்லாவற்றுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அதைத்தான் கேட்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் கிடைக்கும் அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைப் பெறலாம். பயிற்சிக் கட்டணமும் அதில் அடங்கும்.

குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. ஆட்டிசம் என்பதற்காக அரசுப் பள்ளி சேர்க்க மறுத்தால் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குச் செல்லுங்கள். அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியும் உண்டு. போகும்போது உங்கள் நோட்டையும் அட்டைகளையும் எடுத்துச் சென்று வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். பிள்ளை எதற்கு அழுவான், எதைக் கொடுத்தால் அமைதியாவான், தண்ணீர் எப்படிக் கேட்பான் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆசிரியரின் அச்சம் பாதி குறையும். 18 வயதானதும், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, தேவையிருந்தால் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.